செல்லாதவை இருபத்தேழு

ஜூன் 7, சனி

காலையில் மாவு ஆட்டினேன். கேஸ் பதிவு செய்தேன். முருங்கை மரத்தில் கம்பளிப் பூச்சி ஏறியிருக்கிறது, ஆள் பார்க்க வேண்டும்.

மாலை நாலே முக்காலுக்கு என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கூட்டுறவு வங்கியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தபோதுகூட இவ்வளவு சரியான நேரத்துக்குக் கிளம்பியதில்லை. எங்கே என்று கேட்டேன். நால்ரோட்டில் ஜனநாயகத்துக்காக நிற்கப் போகிறாராம். நிற்பது என்று ஆன பிறகு ரேஷன் கடையில் நின்றால் பாமாயிலாவது கிடைக்கும் என்றேன். சிரித்தார். அவரிடம் உள்ள பெரிய குறையே அதுதான், என்ன சொன்னாலும் சிரிப்பார்.

எங்கள் ஓடைக்கரைப்பாளையம் ஊராட்சியில் தலைவர் பதவிக்காலம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தேர்தல் வைக்கவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் இருந்து ஒரு தனி அலுவலர் ஊராட்சியைப் பார்த்துக்கொள்கிறார், அதாவது பார்ப்பதில்லை. அதற்காகப் பதினான்கு பேர் சனிக்கிழமைதோறும் ஐந்து முதல் ஆறு வரை ரோட்டோரம் அட்டை பிடித்து நிற்கிறார்கள். 'உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்து.' இதைப் பார்த்துவிட்டு வாழைத்தார் ஏற்றிப் போகிற லாரிக்காரன் இறங்கி வந்து நடத்திக் கொடுப்பான் என்று நினைப்பு.

நான் முப்பத்தைந்து வருடம் சர்வீஸ் போட்டவள். பதினோரு தேர்தல் நடத்தியிருக்கிறேன். துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றேன். என் வீட்டிலேயே ஒருவர் தேர்தல் கேட்டு ரோட்டில் நிற்கிறார்.

ஜூன் 9, திங்கள்

எட்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. அட்டை பிடித்து வரவழைக்கட்டும்.

ஜூன் 14, சனி

பேக்கரியில் டீ குடிக்கப் போனேன். எதிரே அவர்கள் நின்றதால் பார்க்க வேண்டியதாயிற்று, பார்ப்பதற்காகப் போகவில்லை.

பதினான்கு பேரின் வயதையும் கூட்டினால் தொள்ளாயிரம் வரும். தலைவர் மாதிரி நடுவில் நிற்பவர் பேராசிரியர் திருமலைசாமி, தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். இன்று ஒரு புது அட்டை கொண்டுவந்திருந்தார். 'ஜனநாயகத்தை ஆதரிப்பவர்கள் ஹாரன் அடியுங்கள்.' வெளிநாட்டில் இருக்கும் மகன் சொல்லிக் கொடுத்த யோசனையாம். நம் ஊரில் ஹாரன் அடிக்காமல் எவன் வண்டி ஓட்டுகிறான்? மாடு குறுக்கே வந்தால் அடிப்பான், வராவிட்டாலும் அடிப்பான். என் வீட்டுக்காரர் ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணினார். ஒரு மணி நேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஆதரவு. டவுன் பஸ் டிரைவர் ஒருவரே பதினேழு முறை ஆதரித்தார்.

வரிசையின் கடைசியில் மயிலாத்தாள் நின்றாள். காலனிக்காரி, மில் வேலைக்குப் போகிறவள். போன உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனபோது, கான்ட்ராக்டர் சம்சாரத்தை எதிர்த்து நின்று ஒன்பது ஓட்டில் தோற்றவள். அந்த எண்ணிக்கை மேசைக்கு அதிகாரி நான்தான். என்னைப் பார்த்ததும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே கும்பிட்டாள். கையில் டீ கிளாஸ் இருந்ததால் என்னால் பதிலுக்குக் கும்பிட முடியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கிளாஸைக் கீழே வைத்திருக்கலாம்தான். சூடாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

தண்ணீர் விஷயமாக ஒன்றிய அலுவலகத்துக்கே போனேன். நான் உட்கார்ந்திருந்த அறைக்கு வெளியே, நான் வாங்கிப் போட்ட பெஞ்சில், ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். தனி அலுவலர் வெளியே முகாமாம். முகாம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? நானே எத்தனை முகாம் போயிருக்கிறேன்! கடைசியில் ஒரு பையன், "எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றான். மேடம் என்று கூப்பிடத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதம் எங்கே போகும் என்பதும் எனக்குத் தெரியும்.

இதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் சனிக்கிழமை வா என்பார்.

ஜூன் 21, சனி

இன்று அவர் ஆறரைக்குத் திரும்பி வந்து, கூட்டத்தில் கைதூக்கி வாக்கெடுத்து முடிவு செய்ததை எல்லாம் சொன்னார். இவர்கள் எதற்கெடுத்தாலும் கைதூக்குவார்கள். டீயா காபியா என்பதற்குக்கூட ஒரு வாக்கெடுப்பு. சரி, உங்கள் பேராசிரியரைத் தலைவர் ஆக்க எத்தனை பேர் கைதூக்கினீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். யாரும் தூக்கவில்லையாம். முதல் நாள் அவர்தான் அட்டை அடித்துக்கொண்டு வந்தார், அதனால் அவரே ஒருங்கிணைப்பாளர் ஆகிவிட்டார், ஒரு வருடமாக அப்படியே போகிறது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊராட்சிக்குத் தேர்தல் இல்லை என்று ஊருக்கே அட்டை காட்டுகிறார்கள், அவர்கள் கூட்டத்துக்கு ஒரு தனி அலுவலர். இதை நாலு பேரிடம் சொன்னால் வாயால் சிரிக்க மாட்டார்கள் என்றேன். வீட்டுக்காரர் முதல் முறையாகச் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

ஜூன் 24, செவ்வாய்

நான் சொன்னதை அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறார் மனிதர்! பதினான்கு பேரும் வெட்கப்பட்டு, கைதூக்கி, ஒருங்கிணைப்பாளர் பதவிக்குத் தேர்தல் நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதுவும் தங்களுக்குள் இல்லை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் ரோட்டோரம் வந்து ஓட்டுப் போடலாமாம். அரசாங்கம் நடத்தாததை நாங்கள் நடத்திக் காட்டுகிறோம் என்று பேராசிரியர் பேசியிருக்கிறார். அவர் ஒரு வேட்பாளர். இன்னொரு வேட்பாளர் மயிலாத்தாள்.

கேலி செய்தால் சுருண்டு போவார்கள் என்று பார்த்தால் கிளம்பிவிட்டார்கள். இந்த மாதிரி ஆட்களை என்ன செய்வது?

முருங்கைக்கு ஆள் வந்தான். பாதி மரத்தை வெட்டிவிட்டான்.

ஜூன் 28, சனி

பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். தேர்தல் அலுவலராக நான் இருக்க வேண்டுமாம். மறுத்தேன். இதற்கு முன் நான் நடத்தியது எல்லாம் சட்டப்படியான தேர்தல், தெருக்கூத்து இல்லை என்றேன். அதனால்தான் மேடம் உங்களிடம் வருகிறோம், எங்களுக்குப் பெட்டிக்கு அரக்கு எந்தப் பக்கம் வைப்பது என்றுகூடத் தெரியாது என்றார். உண்மைதான். இவர்கள் விட்டால் சாக்குப் பையில் ஓட்டு வாங்குவார்கள்.

ஒத்துக்கொண்டேன். ஓய்வு பெற்று நாலு வருடத்தில் என்னை வீடு தேடி வந்து மேடம் என்று யாரும் கூப்பிட்டதில்லை. அதற்காக ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் போன பிறகு வீட்டுக்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "ஏன் மணி, அந்தப் புள்ள போன தடவை எப்படித் தோத்துச்சு? காலனியே சேந்து போட்டாங்களாமா."

ஓட்டுக் குறைவாக விழுந்தால் தோற்பார்கள் என்றேன். வெங்காயம் கண்ணைக் கரித்தது.

ஜூலை 2, புதன்

அன்று நடந்ததை எழுதி வைத்தால் தப்பில்லை. என் மேல் எந்தக் குறையும் இல்லை.

காலனிப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலர் ஜெசிந்தா என்று ஒரு டீச்சர். முதல் தேர்தல் வேலை. வாக்குச்சீட்டின் பின்னால் தலைமை அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் கூட்டம் அதிகமானதும் இருபத்தேழு சீட்டில் போட மறந்துவிட்டாள். எண்ணிக்கை நாளில் அது என் மேசைக்கு வந்தது. மதியம் மூன்று மணி. வெளியே கான்ட்ராக்டரின் ஜீப் நின்றது. மேலதிகாரி வந்து, "சீக்கிரம் முடிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு எதுவும் சொல்லவில்லை. கையெழுத்து இல்லாத சீட்டு செல்லாது என்று கையேட்டில் இருக்கிறது. இருபத்தேழையும் தள்ளினேன். மயிலாத்தாள் என் முன்னால்தான் நின்றாள். சட்டம் அப்படி என்று சொன்னேன், சரிங்க மேடம் என்றாள். அந்த டீச்சருக்கு மெமோ கொடுத்தேன், மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தச் சீட்டுகளில் முத்திரை எந்தச் சின்னத்தில் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்ப்பது என் வேலையும் இல்லை.

அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அது முழுக்க சீனியாரிட்டிப்படி. எனக்கு முன்னால் இருந்த மூன்று பேர் மேல் விசாரணை நிலுவையில் இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

பேக்கரிக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் பயிற்சி வகுப்பு எடுத்தேன். பதினான்கு பேரும் நோட்டோடு வந்திருந்தார்கள். பேராசிரியர் முதல் வரிசையில் உட்கார்ந்து, கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னார். ஒருவர் தூங்கினார். பெட்டியைக் காலியாகக் கவிழ்த்துக் காட்டுவது, விரலில் மை வைப்பது, சீட்டை மடிப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நால்ரோட்டுப் பெட்டிக்கு என் வீட்டுக்காரர் தலைமை அலுவலர், காலனி முக்குப் பெட்டிக்குத் தையல்காரர் ரங்கநாதன்.

சீட்டின் பின்னால் கையெழுத்து இல்லாவிட்டால் செல்லாது என்று சொன்னேன். பின் வரிசையில் இருந்து மயிலாத்தாள் எழுந்தாள்.

"கையெழுத்துப் போட வேண்டியது ஆபீசருங்களா, ஓட்டுப் போடறவிகளாங்க மேடம்?"

"ஆபீசர்தான்."

"அவிய மறந்துட்டா, போட்டவிக ஓட்டுப் போனது போனதுதானுங்களா?"

டீ வந்துவிட்டது, குடித்துவிட்டு மேலே பார்ப்போம் என்றேன். குடித்த பிறகு மை பற்றிப் பேசினோம். அவள் மறுபடி கேட்கவில்லை. குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறாள். அவளுடைய நோட்டில் நான் சொன்னது எல்லாம் அப்படியே எழுதியிருந்தது.

கையேட்டில் அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி உண்டு. அதிகாரியின் மறதியால் ஏற்பட்ட குறை என்று தெரிந்தால் அந்த ஓட்டைத் தள்ளக் கூடாது. அந்த வரியை அன்று மேசையில் யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் அரசாங்கத்தில் இல்லை. இந்தப் பதினான்கு பேரில் ஒருத்தர் கையேட்டை வாங்கிப் படித்தால் போதும், என் முப்பத்தைந்து வருடப் பெயர் நால்ரோட்டில் கிடக்கும். படிக்க மாட்டார்கள். அட்டை எழுதவே நேரம் சரியாக இருக்கும்.

ஜூலை 10, வியாழன்

பிஸ்கட் டின் இரண்டு வாங்கி, மூடியில் ஓட்டை போட்டு, துணி சுற்றி அரக்கு வைத்தேன். பார்க்க நன்றாகவே வந்தது. பல்வலி.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு ஓட்டுப்பதிவு ஆரம்பம். யார் வரப் போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்று மணிக்குள் முந்நூற்று எழுபத்து நாலு பேர் வந்துவிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து இது என்ன என்று விசாரித்துவிட்டு, டீ குடித்துவிட்டு, தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அவர் வேறு ஊர்.

பத்து மணிக்குக் காலனி முக்குக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே ஓட்டுப் போட வந்த ஒவ்வொருவரும் சீட்டை வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்த்தார்கள். கிழவிகளும் பார்த்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்தார்கள். கையெழுத்து இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மறைப்புக்குள் போனார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று ரங்கநாதனைக் கேட்டேன். ஆறு வருசமா மயிலாத்தா வீடு வீடாப் போய்ச் சொல்லி வெச்சிருக்குதுங்க மேடம் என்றார். நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. வெயில்.

நாலு மணிக்குப் பஸ் நிழற்குடைக்குள் மேசை போட்டு எண்ணினோம். சுற்றி நூறு பேருக்குக் குறையாது. முதலில் காலனிப் பெட்டி. நூற்று எழுபத்தொரு சீட்டு, எல்லாவற்றின் பின்னாலும் கையெழுத்து. அடுத்து நால்ரோட்டுப் பெட்டி. திருப்பி அடுக்கும்போதே கண்ணில் பட்டது. முப்பத்தொரு சீட்டின் பின்பக்கம் வெறும் வெள்ளை.

என் வீட்டுக்காரர்தான். காலையில் முதல் அரைமணி நேரம் வந்தவர்களிடம் எல்லாம் முழங்கால் எப்படி இருக்கிறது, பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். மேலத் தெருக்காரர்கள் ஒருவர்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அவர்கள் ஓட்டை இதுவரை யாரும் தள்ளியதில்லை, அவர்கள் ஏன் பார்க்கப் போகிறார்கள்?

அதைத் தனியாகக் கட்டி வைத்துவிட்டு மற்றதை எண்ணினேன். மயிலாத்தாள் நூற்று எழுபத்தைந்து. பேராசிரியர் நூற்று அறுபத்தெட்டு. கட்டி வைத்த முப்பத்தொன்றும் மேலத் தெரு ஓட்டு, பெரும்பாலும் பேராசிரியருக்குத்தான் விழுந்திருக்கும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்து இல்லாதது செல்லாது என்று மேடம் வகுப்பிலேயே சொல்லிவிட்டார், விதி என்றால் எல்லோருக்கும் விதிதான், நான் ஒத்துக்கொள்கிறேன் என்றார். இந்த மனிதரை நான் ஒரு மாதமாகக் கேலி செய்துகொண்டிருக்கிறேன்.

அவர் ஒத்துக்கொண்டது எனக்கு எவ்வளவு வசதி! செல்லாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மயிலாத்தாள் ஜெயிப்பாள். அன்று போனது இன்று வந்த மாதிரி ஆகிவிடும். அன்று சொன்னதும் இன்று சொன்னதும் ஒன்றாக இருக்கும். என் பெயருக்கும் ஒன்றும் ஆகாது. காலனிப் பெண்கள் கைதட்டத் தயாராக நின்றார்கள். எனக்கே மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது குமட்டுகிறது.

அப்போது மேலத் தெரு ராமண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எண்பது வயது. காலையில் முதல் ஆளாக வந்து போட்டவர். தன் ஓட்டு அந்தக் கட்டில்தான் இருக்கும், நடந்து வந்து போட்ட ஓட்டை ஏன் எண்ணவில்லை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மயிலாத்தாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்டம் அப்படித்தானுங்கய்யா. எங்க ஓட்டும் போன தடவை இப்படித்தான் போச்சு. மனசை உட்றாதீங்க. அடுத்த தடவை சீட்டைத் திருப்பிப் பாத்து வாங்குங்க."

ஆறுதலாகத்தான் சொன்னாள். அவள் குரலில் என் மேல் ஒரு சின்னக் கோபம் இருந்திருந்தால்கூட நான் செல்லாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

சட்டம் அப்படி இல்லை என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கையெழுத்துப் போடாதது அதிகாரியின் தப்பு, அதற்காக ஓட்டைத் தள்ளக் கூடாது, கையேட்டில் தெளிவாக இருக்கிறது, இந்த முப்பத்தொன்றும் செல்லும்.

மயிலாத்தாள் ராமண்ணன் கையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"எப்ப இருந்துங்க மேடம் அப்படி இருக்குது?"

"எப்பவுமே அப்படித்தான் இருக்குது."

கட்டைப் பிரித்து எண்ணினேன். வீட்டுக்காரர் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டார். பேராசிரியருக்கு இருபத்து நாலு, மயிலாத்தாளுக்கு ஏழு. பேராசிரியர் பத்து ஓட்டில் ஜெயித்தார். யாரும் கைதட்டவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. மயிலாத்தாள் முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள். அன்றைய இருபத்தேழு யாருக்கு விழுந்திருந்தது என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை என்றேன். தலையாட்டினாள். பிறகு தன்னோடு வந்த பெண்களிடம் திரும்பி, "அந்த ஜெசிந்தா டீச்சரை எத்தனை பேச்சுப் பேசியிருப்போம்" என்றாள். அவர்கள் காலனிப் பக்கம் நடந்து போனார்கள்.

இவரும் நானும் வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்துவிட்டு, "பாக்கலையா நீ?" என்று மட்டும் கேட்டார். முப்பத்தாறு வருடமாக என்னோடு இருக்கிறவர். அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பார்த்தேன். கட்டுவதற்கு முன்னால் இரண்டு முறை எண்ணினேன். இருபத்திரண்டு மயிலாத்தாளுக்கு. ஐந்து கான்ட்ராக்டர் சம்சாரத்துக்கு. சேர்த்திருந்தால் அவள் எட்டு ஓட்டில் ஜெயித்திருப்பாள். எண்ணி முடித்துத்தான் தள்ளினேன்.

ஜூலை 15, செவ்வாய்

மயிலாத்தாள் முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வருவாள் என்று விசாரித்து வைத்துக்கொண்டு போனேன். காலனிக்குள் நான் இதற்கு முன் போனது கணக்கெடுப்புக்கு மட்டும். அப்போது மூன்று கிளார்க் கூட வந்தார்கள்.

வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. இருபத்திரண்டு, ஐந்து, எட்டு. மூன்று எண்ணையும் சொன்னேன். பதவி உயர்வையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, அவள் கேட்கவில்லை.

அவள் கையில் இருந்த சட்டையைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள்.

"ஓட்டு எனக்குத் தெரியுமுங்க மேடம். யாரு யாரு எனக்குப் போட்டாங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். சட்டந்தான் தெரியலை. நீங்க சொன்னதுதான் சட்டம்னு இருந்துட்டோம்."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்றேன். வார்த்தை சரியாக வரவில்லை. இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்லிப் பழகியதில்லை.

அதற்கு அவள் கோபப்படவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. "இதை எங்கிட்ட வந்து சொல்லி என்னுங்க ஆகுது? செல்லாதுன்னு நாலு பேரு பாக்கத்தானே சொன்னீங்க. இதையும் நாலு பேரு பாக்கச் சொல்லுங்க."

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். அவர்களுக்கும் பன்னிரண்டு நாளாகக் குழாயில் வரவில்லை, ஓடைப் பக்கம் இருந்து குடத்தில் கொண்டுவந்ததாம்.

ஜூலை 16, புதன்

வீட்டுக்காரரிடம் அட்டை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். புத்தகக் கடையில் என்றார். சாயங்காலம் ஒன்று வாங்கிவந்து, மார்க்கர் பேனாவோடு மேசை மேல் வைத்திருந்தார்.

ஜூலை 18, வெள்ளி

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியது எல்லாம் அரசாங்கக் கடிதம் மாதிரி வந்தது. 'நிர்வாகக் காரணங்களால் ஏற்பட்ட பிழை' என்றுகூட எழுதினேன். இன்னும் எனக்கு வெட்கம் இல்லை.

ஜூலை 19, சனி

ஐந்து முதல் ஆறு வரை நால்ரோட்டில் நின்றேன்.

அட்டையில் இப்படி எழுதியிருந்தேன். 'போன தேர்தலில் மயிலாத்தாள் எட்டு ஓட்டில் ஜெயித்தார். தெரிந்தே தோற்றதாக அறிவித்தவள் நான்.' கீழே என் பெயர், பழைய பதவி. பெரிய எழுத்து, பஸ்ஸில் இருந்தும் படிக்கலாம். படித்தார்கள். டவுன் பஸ் சிக்னலில் நின்றபோது ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினார்கள். ஒன்றிய அலுவலகத்து ஜீப் ஒன்று போனது, கொஞ்ச தூரத்தில் மெதுவாகி மறுபடி வேகம் எடுத்தது. கான்ட்ராக்டர் வண்டியை நிறுத்தி, இறங்காமல், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். பென்ஷனில் கை வைப்பார்களோ என்று பயமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பேராசிரியர் தன்னுடைய நடு இடத்தை விட்டு நகர்ந்து எனக்கு நிழல் கொடுத்தார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு மயிலாத்தாள் ஓவர்டைம் முடித்து மில்லில் இருந்து நேரே வந்தாள். எதிரே நின்று, உதட்டை அசைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து படித்தாள்.

"டீச்சர் மேல தப்பு இல்லைன்னு இதுல இல்லைங்களே மேடம்" என்றாள்.

இல்லை. அட்டையில் அதற்கு இடம் விடவில்லை. திங்கட்கிழமை புத்தகக் கடைக்குப் போய் இதைவிடப் பெரியதாக ஒன்று வாங்க வேண்டும்.